பழைய கார்களின் கியர் பெட்டி: வேலூர் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இலும் 2019இலும் பிரிந்து இன்று நான்கு மாவட்டங்களாகிவிட்டது. ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கொட்டகைகளில் நிற்கும் கார்கள் இன்னும் அந்தப் பழைய மாவட்டத்தில்தான் இருக்கின்றன. தாத்தா வாங்கிய அம்பாசிடர், தோல் மண்டி நன்றாக ஓடிய காலத்தில் வந்த ஃபியட், தார்ப்பாயின் கீழ் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தோப்புக்குப் போய்வரும் ஜீப். இவற்றைத் திரும்ப ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் பேரப்பிள்ளைகள் இப்போது கூடிவருகிறார்கள். எஞ்சினைக் கிளப்பிவிடுகிறார்கள். அடுத்து கியர் பெட்டியில் வந்து நிற்கிறார்கள்.

ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள், கேட்டவர்கள் கேட்ட போக்கிலேயே இருக்கின்றன.

அண்ணா, கியர் பெட்டியில் சத்தம் வருகிறது. திறந்துவிட வேண்டியதுதானே?

வேண்டாம். முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்துக் கிளட்ச்சிலிருந்து காலை எடுங்கள். இப்போது உறுமல் கேட்டு, கிளட்ச்சை அழுத்தியதும் அடங்கினால் சத்தம் பெட்டிக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அது எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் முன்பக்கத்து இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்காக இருக்கும், அல்லது பெட்டியின் அடியில் ஓடும் லே ஷாஃப்ட்டின் பேரிங்காக இருக்கும். நேர்மாறாக, கிளட்ச்சை அழுத்தும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்றால் மிதியை அழுத்தும்போது கிளட்ச்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள். பழைய அம்பாசிடரில் அது உருளும் பேரிங்கே அல்ல, ஒரு கார்பன் வளையம். அது தேய்ந்து உலோகத்தோடு உலோகம் உரசினால், பெட்டியே நொறுங்கிவிட்டது என்று தோன்றும் அளவுக்குக் கூச்சல் போடும்.

அடுத்து சாலையில் ஓட்டிப் பாருங்கள். இந்தக் கார்களில் நான்காவது கியர் நேரடி கியர். எஞ்சினின் சுழற்சி லே ஷாஃப்ட் வழியாகப் போகாமல் நேராகப் பின்னால் போய்விடும். ஆகவே ஒன்று, இரண்டு, மூன்றில் முனகிக்கொண்டு வந்த வண்டி நான்காவதில் அமைதியானால் லே ஷாஃப்ட்தான் குற்றவாளி. ஜீப்பின் மூன்று கியர் பெட்டியில் இதே சோதனையை மூன்றாவது கியரில் செய்யுங்கள். எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி சத்தம் வந்தால் பெட்டியிலிருந்து சுழற்சியைப் பின்னால் அனுப்பும் மெயின் ஷாஃப்ட்டின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து, பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் குறுக்கு மூட்டுகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பின் அச்சின் கிரவுன் பல் சத்தத்தைக் கியர் பெட்டியின் மேல் போடுவதும் அடிக்கடி நடக்கிற அநியாயம்.

கியர் மாற்றும்போது கறக் என்கிறது. சின்க்ரோ ரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். உண்மையா?

இருக்கலாம். கியர் விழுமுன் இரண்டு பக்கத்துச் சுழற்சியையும் ஒன்றாக்கும் வெண்கல வளையம்தான் சின்க்ரோ ரிங். ஆனால் ஒரு நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது, அதைச் செய்யாமல் யாரையும் பெட்டியை இறக்க விடாதீர்கள். எஞ்சின் மெதுவாக ஓடட்டும். கிளட்ச்சை முழுவதும் அழுத்தி, மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு இந்தப் பெட்டிகளில் சின்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுவதும் விட்டிருந்தால், அதாவது எஞ்சினைப் பெட்டியிலிருந்து பிரித்திருந்தால், அந்த ஐந்து எண்ணுவதற்குள் உள்ளே சுழல்வது நின்று, ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். அப்போதும் கறகறத்தால் கிளட்ச் விடவில்லை என்று பொருள். மிதியின் விளையாட்டு அளவு (அழுத்தத் தொடங்கும்போது சும்மா போகும் தூரம்), ஹைட்ராலிக் வண்டியானால் மாஸ்டர் சிலிண்டரும் சிலேவ் சிலிண்டரும், பல வருடம் நின்ற வண்டியானால் ஃப்ளைவீலில் ஒட்டிக்கொண்ட கிளட்ச் தட்டு: இவைதான் பார்க்க வேண்டியவை. புது சின்க்ரோ ரிங் போட்டாலும், விடாத கிளட்ச் அதையும் தின்றுவிடும்.

ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓட்டத்தில் குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, கறகறத்தால் மெக்கானிக் சொன்னது சரி.

முதல் கியர் மட்டும்தான் தகராறு. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது போட்டால் பல் நறநறக்கிறது. நின்றபின் போட்டால் சரியாக விழுகிறது.

பழுது எதுவும் இல்லை. நான்கு கியர் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு மூன்றிலுமே முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. அன்றைக்கு ஓட்டியவர்கள் வண்டி நின்றபிறகே முதல் கியர் போட்டார்கள், அல்லது டபுள் கிளட்ச் செய்தார்கள். கிளட்ச்சை அழுத்தி நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி அழுத்திக் கியர் போட வேண்டும். காட்பாடி மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் ஊர்ந்து பழகினால் ஒரே வாரத்தில் கைவந்துவிடும். இந்தக் குறைக்காகப் பெட்டியை இறக்கச் சொல்லும் பட்டறையிலிருந்து மரியாதையாக வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஸ்டீயரிங்கில் இருக்கும் கை கியர் தொளதொளவென்று ஆடுகிறது, மூன்றாவது எங்கே, முதலாவது எங்கே என்றே தெரியவில்லை. உள்ளே ஃபோர்க் உடைந்திருக்குமா?

ஃபோர்க் என்பது பெட்டிக்குள் கியரைத் தள்ளும் கவை. உள்ளே அதுவரை போகவே வேண்டாம். ஸ்டீயரிங் கம்பத்தின் கீழ் முனையிலிருந்து பெட்டிவரை போகும் இணைப்புக் கம்பிகள், அவற்றின் முனைகளில் இருக்கும் புஷ்கள், சிறு பின்கள் ஆகியவை ஒவ்வொன்றும் இம்மி இம்மியாகத் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், கைப்பிடியின் நுனிக்கு வரும்போது அது விரல்கடை அளவாகப் பெருகிவிடும்.

ஒருவர் மேலே உட்கார்ந்து கியரை மெதுவாக அசைக்கட்டும், ஒருவர் அடியில் பார்க்கட்டும். கைப்பிடி அசைந்து கம்பி அசையாத இடம் எது என்று கண்ணாலேயே தெரியும். புஷ் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்துகொள்ளலாம். பிறகு கம்பிகளின் நீளத்தை நியூட்ரலில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அரை நாள் வேலை. இவ்வளவுதான் விஷயமாக இருந்த வண்டிகளின் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, பூட்டத் தெரியாமல் சாக்கில் கட்டி வைத்திருக்கிற வீடுகளும் இருக்கின்றன.

ஏலகிரி மலையிலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இறக்கத்தில் எஞ்சினின் பிடிமானம் போனால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் வரும். அந்த டிரம் பிரேக்குகள் சூடேறினால் பிடிக்காது. சரிசெய்யும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள்.

ஏறும்போது நிற்கிற கியர் இறங்கும்போது நழுவுவதற்குக் காரணம் உண்டு. இறக்கத்தில் சக்கரம்தான் எஞ்சினை இழுக்கிறது. பற்களின் மறுபக்கத்தில் சுமை ஏறுகிறது. கியரைப் பிடித்துக்கொள்ளும் பூட்டுப் பற்கள் உள்நோக்கிச் சற்றே சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். சுமை ஏற ஏற அவை ஒன்றையொன்று இறுகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்தச் சாய்வு தேய்ந்து முனை உருண்டுவிட்டால், அதே சுமை கியரை வெளியே தள்ளுகிறது.

ஆனால் அங்கே போவதற்கு முன் மலிவான காரணங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின், கியர் பெட்டி மவுண்டிங் ரப்பர்கள் நைந்து, இழுவையில் பெட்டியே நகர்கிறதா? முந்தைய பதிலில் சொன்ன கம்பிகளால் கியர் முழு ஆழத்துக்குப் போகாமல் பாதியில் நிற்கிறதா? ஃபோர்க்கை நகர்த்தும் செலக்டர் கம்பியைப் பிடிக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டனவா? பல பெட்டிகளில் இந்தக் குண்டையும் ஸ்பிரிங்கையும் வெளியிலிருக்கும் ஒரு மூடியைக் கழற்றியே மாற்றலாம். பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். இவை எல்லாம் சரியாக இருந்தும் நழுவினால்தான் பெட்டி இறங்க வேண்டும். அப்போது பூட்டுப் பல், ஃபோர்க்கின் தேய்மானம், மெயின் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எந்தக் காரின் பெட்டியை இறக்குவது எளிது?

ஹெரால்டு. சென்னையில் தயாரான அந்தக் காரில் முன் இருக்கைகளையும் நடுவிலிருக்கும் மூடியையும் எடுத்துவிட்டால் கியர் பெட்டி காருக்குள்ளேயே தெரியும். உள்ளிருந்தே தூக்கி எடுத்துவிடலாம், தரையில் படுக்கத் தேவையில்லை. ஆனால் உதிரிக்கு அலைய வேண்டியதும் அதற்குத்தான். ஜீப்பில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து இறங்குவதால் எடை அதிகம், டிராலி ஜாக் இல்லாமல் தொடாதீர்கள். அம்பாசிடரும் ஃபியட்டும் இரண்டுக்கும் நடுவில்.

இறக்குவதற்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

ஆயிலைச் சூடாக இருக்கும்போது வடியுங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறத் துகள் மினுங்கினால் அது சின்க்ரோ ரிங்கின் வெண்கலம், காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தில் ஒட்டும் கருஞ்சேறு சாதாரணத் தேய்மானம். நகக்கண்ணில் குத்தும் அளவுக்குச் சில்லாக வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே பாதி ஜாதகம் இந்தத் தட்டில் தெரிந்துவிடும்.

பெட்டியைப் பின்னால் இழுக்கும்போது அதன் எடையை ஒருபோதும் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவிடாதீர்கள். கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளைந்துபோகும். பிறகு, பெட்டியைப் பூட்டியபின் கிளட்ச் விடவில்லை என்று இரண்டாவது கேள்விக்குத் திரும்பி வருவீர்கள். இறக்கியாயிற்று என்றால் கிளட்ச் தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிரித்துப் போட்டாயிற்று. எதை மாற்றுவது, எதை விடுவது?

கழுவியபின்தான் தெரியும். டீசலில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்துக் காயவையுங்கள். ஆனால் பேரிங்கைக் காற்றால் சுழற்றி வேடிக்கை பார்க்க வேண்டாம். உலர்ந்த நிலையில் அப்படிச் சுழன்றாலே அது கெட்டுவிடும். வேகத்தில் சிதறினால் கண்ணுக்கும் ஆபத்து.

அதிகம் ஏமாற்றுவது லே ஷாஃப்ட். கையில் எடுத்தால் பளபளவென்று புதிது போலிருக்கும். ஊசி போல மெல்லிய நீடில் ரோலர்கள் நேரடியாக இந்தக் கம்பியின் மேல்தான் உருள்கின்றன. அவை உருண்ட இடத்தில் விரல் நகத்தை நெடுக்காக இழுத்துப் பாருங்கள், ஓரிடத்தில் தடுக்கும். வெளிச்சத்தில் திருப்பினால் அம்மை வடு போலச் சிறு குழிகள் தெரியும், பெரும்பாலும் கம்பியின் ஒரே பக்கத்தில், சுமை தாங்கிய பக்கத்தில் இருக்கும். மேலோட்டில் மட்டும் கடினப்படுத்திய உருக்கு அது. தோல் உரிந்துவிட்டால் உள்ளே மென்மையான உலோகம், பிறகு வேகமாகக் கரையும். கம்பியைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை பட்டறைகளில் உண்டு. உரிந்த துகள் ஏற்கெனவே ரோலர்களிலும் இந்தக் கம்பியின் மேல் சுற்றும் கியர் தொகுதியான கிளஸ்டர் கியரின் உட்துளையிலும் வேலையைக் காட்டியிருக்கும். கம்பி, ரோலர், தள்ளு வாஷர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

பால் பேரிங்குகள், எண்ணெய்ச் சீல்கள், கேஸ்கட்டுகள், சர்க்லிப் என்ற பூட்டு வளையங்கள், குண்டு ஸ்பிரிங்குகள் ஆகியவற்றை யோசிக்காமல் மாற்றிவிடலாம். பெட்டியை ஏற்றி இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை ஒன்றுமில்லை. கியர் பற்களில் சீரான தேய்மானம் இருந்தால் விடுங்கள். முனை உடைந்தோ குழி விழுந்தோ இருந்தால் விடக்கூடாது.

சின்க்ரோ ரிங் தேய்ந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்தால் தெரியுமா?

கண்ணை நம்பாதீர்கள். ரிங்கை அதன் கியரின் கூம்பின் மேல் வைத்து, கையால் சமமாக அழுத்தித் திருகுங்கள். பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கிக்கொண்டு சுற்றினால் உள்ளே இருக்கும் நுண்ணிய வரிகள் மழுங்கிவிட்டன என்று அர்த்தம். பிறகு ரிங்குக்கும் கியரின் பூட்டுப் பற்களுக்கும் இடையில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் தகடுகளால் மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். பொதுவாகப் புது ரிங்கில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. புது ரிங் வாங்கினாலும் இதே அளவைக் கடையிலேயே எடுத்துப் பாருங்கள். கூம்பில் சரியாக உட்காராத புது ரிங்குகளும் விற்பனையில் இருக்கின்றன.

உதிரிகள் வேலூரில் கிடைக்குமா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

பேரிங், சீல் போன்ற பொது உருப்படிகள் வேலூரிலேயே கிடைக்கும். கியர், ரிங், ஃபோர்க் என்றால் சென்னை. புதியதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையதற்குப் புதுப்பேட்டை. போகும்போது பழைய உருப்படியைக் கையில் கொண்டுபோங்கள். வண்டியின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அம்பாசிடரிலேயே மார்க்குக்கு மார்க், அதாவது மாடலுக்கு மாடல், வேறுபாடு உண்டு. பல்லை எண்ணி, உருப்படியை உருப்படியின் மேல் வைத்து ஒப்பிட்டபின் காசைக் கொடுங்கள்.

புதுப்பேட்டையில் முழுப் பெட்டியாகவே வாங்கிவிடலாமே என்பார்கள். வாங்கலாம், உதிரிக்காக. அதை அப்படியே வண்டியில் ஏற்றினால் யாரோ கழித்துக்கட்டிய நோயைக் காசு கொடுத்து வாங்கியதாகும்.

பேரிங்கில் எண் அழிந்துவிட்டது. எப்படிக் கேட்டு வாங்குவது?

வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் எடுங்கள். 30, 62, 16 மில்லிமீட்டர் என்று வந்தால் அது 6206. 35, 72, 17 என்றால் 6207. வெளி வளையத்தில் சர்க்லிப் உட்காரும் பள்ளம் இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வழவழப்பான பேரிங்கைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அளவு மில்லிமீட்டரில் முழு எண்ணாக வராமல் 25.4 போல வந்தால் அது அங்குல பேரிங். பிரிட்டிஷ் வழிவந்த பெட்டிகளில் இதை எதிர்பார்க்கலாம். நெருங்கிய மில்லிமீட்டர் பேரிங்கை வாங்கித் தகட்டைச் சுற்றி இறுக்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

பல் உடைந்த கியருக்கு வெல்டிங் வைத்து லேத்தில் வெட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யக்கூடாது. வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள பற்களின் கடினம் போய்விடும். வைத்த பல் உடையாமல் நின்றாலும் பக்கத்துப் பல் தேயும். மறுபடி உடையும்போது, சில்லு இரண்டு கியர்களுக்கு நடுவில் சிக்கிப் பெட்டியின் வெளிக்கூட்டையே பிளந்துவிடும்.

புதிதாகக் கியர் வெட்டுவது வேறு விஷயம், அது நடக்கிற காரியம்தான். ராணிப்பேட்டை, சென்னைத் தொழிற்பேட்டைகளில் கியர் வெட்டும் பட்டறைகள் இருக்கின்றன. ஈஎன் 353 போன்ற கியர் உருக்கில் வெட்டி, கரி ஏற்றிக் கடினப்படுத்தி, பிறகு துளையையும் முகப்பையும் கிரைண்டிங் செய்ய வேண்டும். இந்த மூன்று கட்டத்தில் ஒன்றைச் சொல்லாமல் விலை சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு கியரை மட்டும் புதிதாக்கினால் தேய்ந்த ஜோடியோடு சேர்ந்து ஊளையிடும். முடிந்தால் ஜோடியாகச் செய்யுங்கள்.

நீடில் ரோலர்களை உள்ளே வைத்தால் பூட்டுவதற்குள் சரிந்து விழுகின்றன. என்ன தந்திரம்?

வாஸ்லின், கூடவே ஒரு பொய்க் கம்பி. லே ஷாஃப்ட்டின் விட்டத்திலேயே, ஆனால் நீளம் குறைவாக, கிளஸ்டர் கியரும் இரண்டு தள்ளு வாஷரும் சேர்ந்த அகலத்துக்கு ஒரு கம்பியைக் கடைந்துகொள்ளுங்கள். தேக்குக் கட்டையில் கடைந்தால்கூடப் போதும். கியரின் துளையில் வாஸ்லினைத் தடவி, ரோலர்களை ஒவ்வொன்றாக ஒட்டவையுங்கள். கடைசி ரோலர் உட்காரும்போது ஒரு முடியளவு இடம் மிஞ்ச வேண்டும். இன்னொன்று நுழையும் அளவுக்கு இடம் இருந்தால் எண்ணிக்கை தவறு. பிறகு பொய்க் கம்பியைச் செருகினால் எதுவும் அசையாது.

பெட்டிக்குள் கிளஸ்டரைத் தரையோடு படுக்கவைத்து, மெயின் ஷாஃப்ட்டையும் இன்புட் ஷாஃப்ட்டையும் முதலில் பூட்ட வேண்டிய பெட்டிகளில், கிளஸ்டரின் இரு முனையிலும் ஒரு நூல் கயிற்றைச் சுற்றி வெளியே விட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் கயிற்றால் மெதுவாகத் தூக்கி, துளைகள் நேரானதும் உண்மையான கம்பியைத் தள்ளினால் பொய்க் கம்பி மறுபக்கம் வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடாமல் தள்ள வேண்டும், விட்டால் ஒரு ரோலர் அந்த இடைவெளியில் விழும். வாஸ்லின் பிற்பாடு ஆயிலில் கரைந்துவிடும்.

பூட்டியபின் இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றினால் எதுவும் சுற்றவில்லை. இறுகிக்கொண்டு நிற்கிறது.

இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்திருக்கிறது. செலக்டர் கம்பிகளுக்கு நடுவில், ஒன்று நகர்ந்தால் மற்றவை நகராதபடி தடுக்கும் சிறு பின் அல்லது குண்டு இருக்கும். கழுவும்போது அது டீசல் தட்டில் போய்விடுவது வழக்கம். எல்லாக் கம்பிகளையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்து பாருங்கள். அந்தப் பின் இல்லாமல் சமாளித்து ஓட்ட முடியும் என்று நினைக்க வேண்டாம். ஓடும்போது இதே பூட்டு விழுந்தால் பின் சக்கரங்கள் நின்றுவிடும்.

இதற்காகவே, மூடியை இறுக்குமுன் மேசையில் வைத்தே எல்லாக் கியரையும் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், ரிவர்ஸ் உட்பட.

கேஸ்கட்டுக்கு அட்டை வெட்டிக்கொள்ளலாமா? கசிவுக்குச் சிலிக்கான் பசை போதுமா?

அட்டையின் தடிமன் பழையதோடு ஒத்துப்போனால் வெட்டிக்கொள்ளலாம். சில பெட்டிகளில் முன் மூடியின் கேஸ்கட் தடிமன்தான் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. சிலிக்கான் பசையை அப்பினால் பிதுங்கிய துணுக்கு உள்ளே விழுந்து எண்ணெய் வழியை அடைக்கும். மெல்லிய பூச்சு போதும்.

கசிவைப் பற்றிப் பொதுவாக ஒன்று. பழைய பெட்டிகள் சிலவற்றில் முன்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகு வரிதான் உண்டு. அப்படிப்பட்ட பெட்டியில் ஆயிலை அதிகமாக ஊற்றினால் கிளட்ச் தட்டு நனையும். மூச்சுத் துளை அடைத்திருந்தாலும் சூட்டில் காற்று விரிந்து ஆயிலைத் தள்ளும். முதலில் அந்தத் துளையைக் குத்திவிடுங்கள்.

எந்த ஆயில்? வேலூர் வெயிலுக்கு 140 போட்டால் நல்லது என்கிறார்கள்.

140, 90 என்பவை ஆயிலின் தடிமன் எண்கள், எண் கூடினால் ஆயில் தடிக்கும். அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர்தான். ஆனால் கியர் ஆயில் அதைவிடச் சூட்டில் வேலை செய்யத்தான் தயாராகிறது. 140 போட்டால் சத்தம் கொஞ்சம் அமுங்கும். அதனால்தான் கார் விற்பவர்களுக்கு அது பிடிக்கும். சின்க்ரோ ரிங் அந்தத் தடித்த எண்ணெய்ப் படலத்தை அறுத்துக்கொண்டு கூம்பைப் பிடிக்க நேரமாகும். காலையில் முதல் சில கிலோமீட்டருக்குக் கியர் விழவே விழாது.

தடிமன் எண்ணைவிட முக்கியமானது, ஆயிலில் சேர்த்த ரசாயனங்களைக் குறிக்கும் ஜிஎல் வகை. பின் அச்சுக்கான ஜிஎல்-5 ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். சூட்டில் அவை வெண்கல ரிங்குகளையும் புஷ்களையும் அரிக்கக்கூடியவை. ஜிஎல்-4 வகையில் அவை ஏறத்தாழப் பாதிதான். கையேடு 90 என்று சொல்லும் பெட்டிக்கு ஜிஎல்-4 வகை 90 போடுங்கள். அம்பாசிடரின் பெட்டி பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பெட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்துப் பெட்டி வந்த பழைய பிரிட்டிஷ் எம்ஜி கார்களுக்குக் கையேடே எஞ்சின் ஆயிலைத்தான் சொல்கிறது. ஆகவே கியர் பெட்டியில் எஞ்சின் ஆயில் ஊற்றியிருப்பதைப் பார்த்து யாரையும் திட்டிவிடாதீர்கள். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஜீப்பில் கியர் பெட்டியில் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை. எங்கே போகிறது?

டிரான்ஸ்ஃபர் கேஸின் அளவைப் பாருங்கள், அங்கே கூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது.

ஒரு முழு வேலைக்கு எவ்வளவு ஆகும்?

தொகை எழுதினால் அடுத்த தீபாவளிக்குள் பொய்யாகிவிடும். கேட்கும் முறையைச் சொல்கிறேன். ஏற்றி இறக்கும் கூலி, பிரித்துப் பூட்டும் கூலி, உதிரி என மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். கழற்றிய பழைய உருப்படிகள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு நிபந்தனையே மாற்றாத உதிரிக்குக் காசு போவதைத் தடுத்துவிடும்.

சார், பழைய அம்பாசிடரில் ஐந்து கியர் பெட்டி பொருத்தினால் பெங்களூரு சாலையில் நிம்மதியாகப் போகலாமே?

போகலாம். 1990களில் இசுசு எஞ்சினோடு வந்த அம்பாசிடரில் ஐந்து கியர் பெட்டி இருந்தது. ஆனால் அது அந்த எஞ்சினுக்கான பெட்டி. பழைய எஞ்சினோடு சேர்க்க பெல் ஹவுசிங் இணைப்பு, பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம், தரையில் கியர் கம்புக்கான துளை, ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று வேலை நீளும்.

வண்டி 50 வயதைத் தாண்டியிருந்தால் இன்னொன்றும் யோசியுங்கள். 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, அவ்வளவு பழைய சொந்த வாகனங்களுக்கு வின்டேஜ் பதிவு உண்டு. எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. கியர் பெட்டியின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் தரையை வெட்டிய காரை ஆய்வாளர் எப்படிப் பார்ப்பார் என்பதை வெட்டுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது. என்னைக் கேட்டால், நான்கு கியரில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குத்தான் அந்தக் கார்.

புதிதாகப் பூட்டிய பெட்டியை எப்படிப் பழக்குவது?

முதல் நாள் பாகாயம் பக்கம் போய்வருவது போதும். எல்லாக் கியரையும் அவசரமில்லாமல் மாற்றுங்கள். திரும்பி வந்ததும் அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்து, இரவில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். சுமார் 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, முன்பு சொன்ன வெள்ளைத் தட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். கொஞ்சம் பொன்துகள் வரும், புது ரிங் படியும்போது அது இயல்பு. சில்லு வரக்கூடாது.

பள்ளிகொண்டா அருகே வண்டி நின்றுவிட்டது. நியூட்ரலில் போட்டு வேலூர்வரை கட்டி இழுத்து வரலாம் அல்லவா? கியரில்தான் இல்லையே.

சுமார் 20 கிலோமீட்டர் இழுப்பதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பின் சக்கரங்கள் மெயின் ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். லே ஷாஃப்ட்டின் கியர்களைச் சுற்றுவது இன்புட் ஷாஃப்ட், அதைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருப்பதால் லே ஷாஃப்ட்டின் கியர்களும் நின்றிருக்கும். அடியில் கிடக்கும் ஆயிலை மேலே வாரி இறைப்பது இந்தக் கியர்கள்தான். ஆகவே மெயின் ஷாஃப்ட்டின் புஷ்களும் அதன் முன் முனை பேரிங்கும் காய்ந்தே சுழலும். புதிதாகச் செய்த பெட்டியாக இருந்தாலும் இதில் தப்பாது.

சாலையோரம் தள்ளிவிடுகிற தூரத்துக்குக் கவலை இல்லை. அதற்கு மேல் என்றால் பின் சக்கரங்களைத் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள், அல்லது லாரியில் ஏற்றுங்கள். இரண்டும் அமையாவிட்டால் பின் அச்சுப் பக்கத்தில் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, முனையைக் கம்பியால் மேலே இறுகக் கட்டிவிட்டு இழுக்கலாம். கழற்றுவதற்கு முன் இரண்டு விளிம்பிலும் உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடுகள் நேராக வந்தால்தான் ஷாஃப்ட் அதிராது.